இணையப் போன்: காசு மிச்சம்தான், ஆனால் இந்தத் தவறுகள் வேண்டாம்

ஃபைபர் இணைப்பு எடுத்த வீடுகளில் மோடத்தின் பின்பக்கம் ஒரு போன் செருகியிருக்கும். அதைப் பலரும் இன்னும் லேண்ட்லைன் என்றுதான் சொல்கிறார்கள். எண் பழையதாக இருக்கலாம், கருவிகூட அதே பழைய பட்டன் போனாக இருக்கலாம், ஆனால் பேச்சு போவது இணைய வழியில்தான். வாட்ஸ்அப் கால் மட்டும்தான் இணையப் போன் என்று நினைத்துக்கொள்வதில் இருந்தே பாதிச் சிக்கல் தொடங்கிவிடுகிறது.

பழைய செம்புக் கம்பியில் பேச்சோடு சேர்த்து மின்சாரமும் எக்ஸ்சேஞ்சில் இருந்தே வந்தது, 48 வோல்ட். அதனால்தான் தெருவே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது. ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அதில் மின்சாரம் வராது. வீட்டில் கரண்ட் போனால் மோடம் அணையும், மோடம் அணைந்தால் போனும் அவ்வளவுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரமும் இல்லை, இணையமும் இல்லை, செல்போன் சிக்னலும் சரியாக இல்லை. அத்தனை நாளுக்குத் தாங்கும் ஏற்பாட்டை வீட்டில் செய்வது கஷ்டம், ஆனால் சாதாரண ஒரு மணி நேர, இரண்டு மணி நேர மின்வெட்டுக்குக் கடைகளில் கிடைக்கும் சின்ன ரவுட்டர் யுபிஎஸ் போதும். வாங்கும் முன் மோடத்தின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்தான், ஆனால் ஆம்பியர் மாறும். மோடம் தனி, ரவுட்டர் தனி என்றால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும், ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு "யுபிஎஸ் சரியில்லை" என்று திட்டுவதில் பயனில்லை.

விஷயம் இதுதான்: மின்சாரம், லைனின் தரம், அவசர அழைப்பு, கூப்பிடுவது யார் என்ற அடையாளம், இதையெல்லாம் முன்பு போன் கம்பெனி பார்த்துக்கொண்டது. இணையப் போனில் கட்டணம் குறைந்ததோடு அந்த வேலையில் பெரும்பகுதி நம் தலையில் வந்து விழுந்துவிட்டது. லாபம் இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகளோடு ஒரு மணி நேரம் முகம் பார்த்துப் பேச ஐஎஸ்டி கட்டணம் கிடையாது. சிக்னலே எட்டாத தரைத்தள வீட்டில் வைஃபை காலிங்கைப் போட்டுவிட்டால், எந்த ஆப்பும் இல்லாமல் உங்கள் சாதாரண எண்ணிலேயே பேசலாம், ஏர்டெல்லும் ஜியோவும் 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் கொண்டுவந்த வசதி அது. இன்னும் போனின் செட்டிங்ஸில் அதைத் திறந்தே பார்க்காமல் மொட்டை மாடிக்கு ஓடிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் ஒரு தவறுதான்.

சரி, அடுத்தது. "குரல் உடைந்து உடைந்து கேட்கிறது, பெரிய பிளானுக்கு மாறிவிடலாமா?" இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட எப்போதும் பதில், வேண்டாம். குரலுக்குத் தேவையானது மிகச் சின்ன வழி. அலுவலகப் போன்களில் பரவலாக இருக்கும், குரலை டிஜிட்டலாக மாற்றும் ஜி.711 முறையில் ஒரு விநாடிப் பேச்சு 50 சின்னச் சின்னத் தரவுப் பொட்டலங்களாகப் (பாக்கெட்) போகிறது, ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், 40 பைட் முகவரி. ஒரு பைட்டுக்கு 8 பிட் என்று கணக்குப் போட்டால் ஒரு பக்கத்துக்கு விநாடிக்கு 80 கிலோபிட். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 மெகாபிட்டைத் தாண்டுவது கஷ்டம். நீங்கள் வைத்திருப்பதோ 50, 100 மெகாபிட் இணைப்பு. அப்புறம் ஏன் உடைகிறது? பொட்டலங்கள் நேரத்துக்கு வந்து சேராததால். ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்லும் அளவு. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, இருவரும் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று போகும்.

தாமதம் பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள்ளேயே உண்டாகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உங்கள் போன் வைஃபையைப் பிடிக்கும், பகலில் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் மேலே ஏற்ற ஆரம்பிக்கும். அப்லோடு வழி முழுக்க அடைத்துக்கொள்ளும், உங்கள் குரல் பொட்டலங்கள் ரவுட்டரில் வரிசையில் நிற்கும். ஸ்பீட் டெஸ்டில் டவுன்லோடு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நெட் நன்றாகத்தானே இருக்கிறது என்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. எதிர்முனையில் இருப்பவர் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்டு, நீங்கள் பேசுவது அவருக்கு உடைந்து கேட்டால் கோளாறு பெரும்பாலும் உங்கள் அப்லோடில். அதுவே எதிர்ப்பக்கம் என்றால் முதலில் அவருடைய அப்லோடைச் சந்தேகப்படுங்கள், பிறகு உங்கள் வைஃபையை. உங்கள் குரலே உங்களுக்கு எதிரொலித்தால் உங்கள் போனைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம், எதிரில் இருப்பவர் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார், ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே வாசல் கேட் வரை நடப்பதும் வம்பு. ஒற்றைக் கோடு சிக்னலை விட மனமில்லாமல் போன் வைஃபையையே பிடித்துக்கொண்டிருக்கும், வாட்ஸ்அப் "ரீகனெக்டிங்" என்று நிற்கும். வெளியே போகப் போகிறீர்கள் என்றால் வைஃபையை அணைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

கடை, அலுவலகம் நடத்துபவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. நீங்கள் பேசுவது எதிர்முனையில் கேட்டு, அவர் பேசுவது இங்கே கொஞ்சமும் கேட்கவில்லை என்றால், ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒரு வசதி (இணையப் போன் பொட்டலங்களில் உள்ள முகவரியை ரவுட்டரே திருத்துவது) இருக்கும், அதை அணைத்துப் பாருங்கள். உதவி செய்ய வந்த வசதி அது, ஆனால் பல ரவுட்டர்களில் உபத்திரவம்தான்.

அவசரத்துக்கு வாட்ஸ்அப்பை நம்புவது உயிருக்கே ஆபத்தான தவறு. அதில் 112க்கோ 108க்கோ கூப்பிட முடியாது. சாதாரணச் செல்போனின் டயல் பேடில் 112 அழுத்தினால் உங்கள் நிறுவனத்தின் டவர் இல்லாவிட்டாலும் அருகில் உள்ள வேறு நிறுவனத்தின் டவர் வழியாகப் போக வாய்ப்பு உண்டு. வாட்ஸ்அப் வீடியோ காலுக்கு மட்டும் பழக்கிய பாட்டிக்கு இதையும் பழக்குங்கள்.

அப்புறம் ஏமாற்று. எண்ணைப் பார்த்து ஆளை நம்புகிற பழக்கம் நமக்குப் பழைய போனில் இருந்து வந்தது. இணைய வழியில் வரும் சில அழைப்புகளில் பொய்யான எண்ணைக் காட்ட முடியும். வெளிநாட்டில் இருந்து கூப்பிட்டுவிட்டு +91 என்று காட்டுகிறார்கள். வாட்ஸ்அப் கால் முழுக்க மறையாக்கம் செய்யப்பட்டது என்பது உண்மைதான், 2016இல் இருந்தே. ஆனால் அது நடுவில் யாரும் ஒட்டுக்கேட்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அந்தப் பக்கம் போலீஸ் உடுப்பு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் திருடனா இல்லையா என்று அது சொல்லாது. வீடியோ காலில் "டிஜிட்டல் கைது" என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையவே கிடையாது, 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொல்ல வேண்டி வந்தது. தெரியாதவர் கேட்டால் ஸ்கிரீன் ஷேர் கொடுக்காதீர்கள், கொடுத்துவிட்டால் அந்த நேரத்தில் வரும் ஓடிபி அவருக்கும் தெரியும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐக் கூப்பிடுங்கள்.

வளைகுடா போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், கால் போகாது. போட்டிம் போல அனுமதி பெற்ற ஆப்கள் வேலை செய்யும். "விபிஎன் போட்டுக்கோ மச்சான்" என்று அறைத் தோழர் சொல்வதைக் கேட்டு, இணைய முகவரியை மறைக்கும் அந்த ஆப்பைப் போடுவது பெரிய தப்பு. இணைய முகவரியை மறைத்துக் குற்றம் செய்தால் அங்கே அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் இருந்து தொடங்குகிறது, தடை செய்த கால் அதில் சேருமா சேராதா என்று உங்கள் மாதச் சம்பளத்தை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம். கிளம்பும் முன்பே அம்மாவின் போனில் அந்த ஊரில் ஓடும் ஆப்பைப் போட்டு, ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒன்று, வீட்டுக்கு வீடு நடக்கிறது. "வீட்டில்தான் வைஃபை இருக்கே, அப்பாவுக்கு ரீசார்ஜ் எதற்கு?" ரீசார்ஜ் முடிந்தாலும் வாட்ஸ்அப் ஓடுவதால் யாருக்கும் தெரியாது. முதலில் வெளியே போகும் கால் நிற்கும், அப்புறம் உள்ளே வரும் காலும் வங்கி ஓடிபியும் நிற்கும். அப்படியே மாதக்கணக்கில் விட்டால் அந்த எண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அவர் அதே எண்ணில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் அப்பாவின் கணக்கு அப்பாவின் போனில் இருந்து வெளியேறிவிடும். டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்குகள், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் உத்தரவுக்குப் பிறகு 2025 தொடக்கத்தில் இருந்து கிடைக்கின்றன, ஒரு வருடத்துக்கே போட்டுவிடும் பேக்கும் உண்டு. ரீசார்ஜ் ஆப்பைத் திறந்ததும் கண்ணில் படாது, கீழே தள்ளித் தள்ளித் தேட வேண்டும்.