இலையுதிர்காலக் காய்கறித் தோட்டம்: முதன்முறை பயிரிடுவோருக்கான செய்முறை விளக்கம்

இலையுதிர்காலத்தில் பறிக்க வேண்டிய காய்கறிகளுக்கான வேலை, தக்காளியும் வெள்ளரியும் காய்த்துக் குலுங்கும் நடுக்கோடையிலேயே தொடங்கிவிடுகிறது. புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களில் பலர் வெயில் தணியட்டும் என்று காத்திருந்து, காற்றில் குளிர் தெரிந்த பிறகு விதைக்கிறார்கள். செடி நான்கு இலை விடுவதற்குள் பகல் சுருங்கி, வளர்ச்சி தேங்கிவிடுகிறது. மண்ணும் விதையும் நன்றாக இருந்தும் நாள் கணக்குத் தவறியதால் பயிர் கைக்கு வராமல் போகிறது. ஆகவே இந்த விளக்கத்தில் நாளைக் கணக்கிடுவதற்கும், சூடான மண்ணில் விதையை முளைக்க வைப்பதற்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். இவ்விரண்டும் கைவந்துவிட்டால் மற்ற வேலைகள் வசந்தகாலத் தோட்டத்தைவிட எளிதானவை என்பதே என் கருத்து.

அதற்குக் காரணம் உண்டு. வசந்தத்தில் விதைத்த பாலக்கீரையும் லெட்டூஸும் பகல் நீண்டு வெப்பம் ஏறும்போது பூந்தண்டை நீட்டிவிடுகின்றன, இலை கசந்துபோகிறது. இலையுதிர்காலத்தில் பகலும் வெப்பமும் சேர்ந்தே குறைந்துகொண்டு போவதால், அதே செடிகள் பூக்கும் அவசரமின்றி வாரக்கணக்கில் இலை விட்டுக்கொண்டிருக்கின்றன. களைகளும் குளிர் வந்தபின் அவ்வளவு வேகமாக எழுவதில்லை.

படி 1: உறைபனி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுதல்

உங்கள் பகுதியில் சராசரியாக முதல் உறைபனி எந்த நாளில் விழுகிறது என்பதை வானிலைத் துறையின் பதிவுகளிலோ, அனுபவமுள்ள அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களிடமோ கேட்டு அறிந்துகொள்ளுங்கள். இதுவே கணக்கின் அடிப்படை. அடுத்து விதைப் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் முதிர்வு நாட்களைப் பாருங்கள். அந்த எண்ணிக்கை பெரும்பாலும் வசந்தத்தின் நீளும் பகல்களை மனத்தில் வைத்துக் கொடுக்கப்பட்டது. இலையுதிர்காலத்தில் வெளிச்சம் நாளுக்கு நாள் குறைவதால் அதே பயிர் முதிர்வதற்குக் கூடுதல் காலம் எடுக்கும். அதற்காக இன்னும் 14 நாட்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாற்று விட்டு நடும் பயிர்களுக்குப் பொட்டலத்தில் உள்ள நாட்கள் வழக்கமாக நடவிலிருந்து எண்ணப்படுபவை என்பதால், நாற்றங்காலில் கழியும் 5 வாரங்களையும் கூட்ட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். முதல் உறைபனி அக்டோபர் 20 அன்று விழும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 65 நாட்களில் முதிரும் ப்ரோக்கோலி வகைக்கு 65, 14, 35 ஆகியவற்றைக் கூட்டினால் 114 நாட்கள் வருகின்றன. பின்னோக்கி எண்ணினால் ஜூன் 28 அன்று நாற்றங்காலில் விதைத்து, ஆகஸ்ட் 2 வாக்கில் பாத்தியில் நட வேண்டும். 75 நாள் கேரட்டை ஜூலை 23 அன்றும், 50 நாள் லெட்டூஸை ஆகஸ்ட் 17 அன்றும், 45 நாள் பாலக்கீரையை ஆகஸ்ட் 22 அன்றும், 28 நாள் முள்ளங்கியைச் செப்டம்பர் 8 அன்றும் விதைக்க வேண்டும். தென் அரைக்கோளத்தில் இலையுதிர்காலம் மார்ச் முதல் மே வரை என்பதால் மாதங்கள் மாறும். எண்ணும் முறை மாறாது.

குளிரைத் தாங்கும் பயிர்களை இந்த நாளுக்குப் பின் ஓரிரு வாரம் தள்ளி விதைத்தாலும் பெரும்பாலும் இழப்பு இல்லை. ஆனால் பகல் வெளிச்சம் 10 மணி நேரத்துக்குக் கீழே இறங்கியதும் எந்தப் பயிரும் ஏறக்குறைய வளராது என்பதை மறக்க வேண்டாம். அந்த நாளுக்குள் செடி முழு அளவை எட்டியிருந்தால், குளிர்காலம் முழுவதும் அது பாத்தியிலேயே பச்சையாகக் காத்திருக்கும். நமக்கு வேண்டியபோது பறித்துக்கொள்ளலாம்.

படி 2: பயிர்களைத் தேர்ந்தெடுத்தல்

லேசான உறைபனியை, அதாவது வெப்பநிலை 0 முதல் −2 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் இரவுகளை, லெட்டூஸ், பீட்ரூட், காலிஃபிளவர் போன்றவை தாங்கிக்கொள்ளும். அதற்கும் கீழான கடுங்குளிரைக் கேல் (முட்டைக்கோஸ் குடும்பத்துக் கீரை), பாலக்கீரை, முட்டைக்கோஸ், டர்னிப் ஆகியவை தாங்கும். மண்ணுக்குள் இருக்கும் கேரட்டும் அப்படியே. குளிர் படும்போது கேலும் கேரட்டும் தம்மிடமுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கின்றன. சர்க்கரை கரைந்த சாறு எளிதில் உறையாது என்பதால் செடிக்கு அது பாதுகாப்பு. நமக்கோ கோடையில் ஒருபோதும் கிடைக்காத இனிப்பு. இந்தச் சுவைக்காகவே இலையுதிர்காலத்தில் தோட்டம் போடலாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

முதல் ஆண்டில் முள்ளங்கி, லெட்டூஸ், பாலக்கீரை, கேல் ஆகிய நான்கோடு தொடங்குங்கள். ஐந்தாவதாகக் கேரட்டைச் சேர்க்கலாம். காலிஃபிளவர் வெப்பநிலை சற்று ஏறி இறங்கினாலும் பூவைச் சிறுத்துவிடும் இயல்புடையது. அதை அடுத்த ஆண்டுக்கு விட்டுவைப்பது நல்லது.

படி 3: பாத்தியை ஒழித்துத் தயாரித்தல்

நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது வெயில் படும் இடம் வேண்டும். கோடையில் வெயில் விழுந்த இடம் என்று நம்பிவிடக் கூடாது. இலையுதிர்காலத்தில் சூரியன் வானில் தாழ்ந்து செல்வதால், சுவரின் நிழலும் மரத்தின் நிழலும் வெகுதூரம் நீளும்.

ஓய்ந்துபோன கோடைச் செடிகளை எடுத்துவிடுங்கள். நோய் கண்ட செடிகளை மக்கு உரக் குழியில் போடாமல் அப்புறப்படுத்த வேண்டும். மண்ணைக் கிளறி, 3 முதல் 5 சென்டிமீட்டர் கனத்துக்கு நன்றாக மக்கிய உரத்தைப் பரப்பி, மேல்மண்ணோடு கலந்துவிடுங்கள். கேரட் விதைக்கும் பகுதியில் புதிய சாணத்தைச் சேர்க்கவே கூடாது. கிழங்கு கிளை பிரிந்துவிடும். வசந்தத்தில் முட்டைக்கோஸ் இருந்த இடத்தில் மறுபடியும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த கேல், ப்ரோக்கோலி, டர்னிப், முள்ளங்கி எதையும் வைக்காதீர்கள். மண்ணில் தங்கும் நோய்கள் ஒரே குடும்பத்துப் பயிர்களில்தான் தொடர்ந்து பெருகும்.

படி 4: சூடான மண்ணில் விதையை முளைக்க வைத்தல்

இந்தத் தோட்டத்தின் கடினமான கட்டம் இதுதான். குளிர்காலப் பயிர்களின் விதைகளைக் கோடை மண்ணில் முளைக்கச் சொல்கிறோம். லெட்டூஸ் விதை, மண்ணின் வெப்பம் 27 முதல் 30 டிகிரியைத் தாண்டும்போது, ஈரம் இருந்தும் முளைக்க மறுத்து உறங்கத் தொடங்கிவிடும். பாலக்கீரையும் ஏறக்குறைய இதே போக்குடையது. ஒன்றும் முளைக்காததைக் கண்டு விதை கெட்டது என்று முடிவுசெய்வதற்கு முன், மண்ணில் விரலை ஊன்றிச் சூட்டைச் சோதித்துப் பாருங்கள்.

மண்ணைக் குளிரவைக்க மூன்று காரியங்கள் உதவும். விதைப்பதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே பாத்தியை நன்றாக நனைத்து, அதன்மேல் நிழல்வலையைக் கட்டிவிடுங்கள். விதைப்பை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். நீர் உறிஞ்சும் முதல் சில மணி நேரங்கள் இரவுக் குளிர்ச்சியில் கழியும். வசந்தத்தில் விதைப்பதைவிடச் சற்று ஆழமாக, ஈரம் தங்கும் மட்டத்தில் விதையைப் போடுங்கள். லெட்டூஸுக்கு மட்டும் இந்தக் கடைசி அறிவுரை பொருந்தாது. அதன் விதைக்கு முளைக்க வெளிச்சம் உதவும் என்பதால் அரை சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடக் கூடாது. வெப்பம் அடங்காத இடமானால், லெட்டூஸைக் குழித்தட்டில் விதைத்து வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் முளைக்கவிட்டு, முளை தெரிந்ததும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, பிறகு நடுவதே நம்பகமான வழி.

கேரட்டைப் பிடுங்கி நட முடியாது. பாத்தியிலேயே விதைத்தாக வேண்டும். முளைப்பதற்கு 1 முதல் 3 வாரங்கள் வரை ஆகும். அதுவரை மேல்மண் ஒருநாள் காய்ந்தாலும் முளைவிட்ட விதை கருகிவிடும். 1 சென்டிமீட்டர் ஆழத்தில் கோடு கிழித்து விதைத்து, மூடி, பூவாளியால் மெல்ல நீர் தெளித்து, அதன்மேல் ஈரச் சணல் சாக்கையோ ஒரு மரப்பலகையையோ போட்டு வையுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பார்த்து, முதல் முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும். முளைக்க இவ்வளவு தாமதிக்கும் வரிசை எங்கே இருக்கிறது என்று தெரிவதற்காகக் கேரட் விதையோடு அங்கங்கே சில முள்ளங்கி விதைகளைக் கலந்து போடுவது பழைய வழக்கம். ஆனால் பலகையால் மூடும்போது சில நாட்களிலேயே எழும் முள்ளங்கி நசுங்கிவிடும் என்பதால், இரண்டில் ஒன்றைத்தான் கைக்கொள்ள முடியும். நான் பலகையையே பரிந்துரைப்பேன்.

படி 5: நாற்று நடுதல், கலைத்தல்

கேல், முட்டைக்கோஸ், ப்ரோக்கோலி நாற்றுகள் நான்கைந்து உண்மையிலைகள் (முளைக்கும்போது வரும் விதையிலைகளுக்குப் பின் தோன்றும் இலைகள்) விட்டதும் நடவுக்குத் தயார். மாலை நேரத்திலோ மேகமூட்டமான நாளிலோ நட்டு, வேர்ப்பகுதி நிறைய நீர் ஊற்றி, முதல் வாரம் நிழல்வலையின் கீழ் வைத்திருங்கள். முட்டைக்கோஸுக்கும் ப்ரோக்கோலிக்கும் செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர் இடைவெளி தேவை. லெட்டூஸுக்கு 20 முதல் 25 போதும்.

நேரடியாக விதைத்த பயிர்களை நெருக்கமாக விட்டுவிடாமல் கலைத்துவிட வேண்டும். முள்ளங்கிக்கும் கேரட்டுக்கும் 5 சென்டிமீட்டர், பீட்ரூட்டுக்கும் பாலக்கீரைக்கும் 10 சென்டிமீட்டர் என்று விட்டு, இடையில் உள்ளவற்றைக் கத்தரியால் தரைமட்டத்தில் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசைந்துவிடும். முளைத்து உயிரோடு நிற்கும் செடியை வெட்டப் பலருக்கு மனம் வராது. என்றாலும் நெருக்கத்தில் நிற்கும் முள்ளங்கி இலையை மட்டுமே தரும், கிழங்கு வைக்காது.

படி 6: நீரும் பூச்சியும்

மழையையும் சேர்த்து வாரத்துக்கு 2.5 சென்டிமீட்டர் அளவு நீர் போதுமானது. வெப்பம் தணியத் தணியப் பாசனத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாற்றுகள் நிலைபெற்ற பின் வைக்கோல் மூடாக்கு இட்டால் ஈரம் நிற்கும்.

முட்டைக்கோஸ் குடும்பத்துக்கு முக்கிய எதிரி, வெள்ளை வண்ணத்துப்பூச்சி இடும் முட்டையிலிருந்து வரும் பச்சைப் புழு. நட்ட அன்றே வளைவுக் கம்பிகளின்மேல் பூச்சிவலையை விரித்து, ஓரங்களை மண்ணால் அணைத்துவிட்டால் வேறு மருந்து அநேகமாகத் தேவைப்படாது. வலை இல்லாதவர்கள் வாரம் இருமுறை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, முட்டைகளை நசுக்கி, புழுக்களைக் கையால் பொறுக்க வேண்டும். அசுவினி கண்டால் நீரை வேகமாகப் பீய்ச்சி அடித்து விரட்டலாம். ஈரமான இரவுகளில் வரும் நத்தைகளை விளக்கு வைத்துக்கொண்டு பொறுக்கி எடுப்பதுதான் உறுதியான வழி.

படி 7: உறைபனி இரவுக்கு ஆயத்தம்

உறைபனி எச்சரிக்கை வந்த நாளின் பகலிலேயே பாத்திக்கு நீர் பாய்ச்சுங்கள். ஈரமண் பகல் வெப்பத்தைக் கூடுதலாகச் சேமித்து, இரவில் மெல்ல வெளிவிடும். பிறகு வளைவுக் கம்பிகளின்மேல் உறைபனித் துணியை விரித்து, ஓரங்களில் கல்லோ மண்ணோ வைத்து அழுத்துங்கள். மெல்லிய துணி ஒன்றிரண்டு டிகிரி பாதுகாப்புத் தரும். கனமான துணி அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தரும். பிளாஸ்டிக் தாளைப் பயன்படுத்தினால் அது இலையைத் தொடக் கூடாது. காலையில் வெயில் ஏறியதும் அதை விலக்கியாக வேண்டும். இல்லையெனில் உள்ளே வெப்பம் தேங்கிச் செடி வெந்துவிடும்.

படி 8: அறுவடை

முள்ளங்கியை முதிர்ந்தவுடன் எடுத்துவிடுங்கள். தாமதித்தால் உள்ளே நார் வைத்துப் பஞ்சுபோல் ஆகிவிடும். கேலிலும் பாலக்கீரையிலும் வெளிப்புற இலைகளை மட்டும் பறித்து, நடுக்குருத்தை விட்டுவைத்தால் செடி தொடர்ந்து தழைக்கும். ப்ரோக்கோலியின் நடுப்பூவை, மொட்டுகள் இறுக்கமாக இருக்கும்போதே வெட்ட வேண்டும். பக்கக் கிளைகளில் சிறு பூக்கள் பின்னர் வரும். உறைபனி விழுந்த காலையில் இலைகள் கண்ணாடிபோல் விறைத்திருக்கும். அப்போது தொட்டாலே நைந்துவிடும் என்பதால், வெயிலில் பனி உருகி இலை நிமிர்ந்த பிறகு பறியுங்கள்.

கேரட்டை அவசரப்பட்டுத் தோண்ட வேண்டியதில்லை. 20 சென்டிமீட்டர் கனத்துக்கு வைக்கோல் போட்டு மூடினால், மண் இறுகி உறையும் வரை வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம்.

காலியாகும் பாத்தியில் பூண்டு வைப்பதற்கு இதுவே தக்க பருவம். மண் உறைவதற்கு 4 முதல் 6 வாரங்களுக்கு முன், பெரிய பற்களாகத் தேர்ந்து, கூர்முனை மேலே இருக்குமாறு 5 சென்டிமீட்டர் ஆழத்தில், 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றி, வைக்கோலால் மூடுங்கள். குளிர்காலக் குளிர் பட்டால்தான் அது பற்களாகப் பிரிந்து குமிழ் வைக்கும். வசந்தத்தில் முளை மேலெழும்போது வைக்கோலைச் சற்று விலக்கிவிட்டு, கோடையில் கீழிலைகள் பழுத்ததும் தோண்டி எடுக்கலாம்.