அரசன் படை நடத்தும் பழைய அச்சுப்படம்: பார்ப்பதும் காப்பதும்

செப்புத் தகட்டில் கோடு செதுக்கித் தாளில் அழுத்தி எடுத்த பழைய படம் கைக்கு வந்தால் அரசனின் முகத்தில் தொடங்காதீர்கள். தாளைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடியுங்கள்; தகடு அழுந்திய பள்ளம் நாலு பக்கமும் தெரியும். ஓரம் வெட்டிய பிரதியில் அது இராது, அதற்காகப் போலி என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். அடுத்து 10 மடங்கு பூதக்கண்ணாடி. ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் பிற்கால அச்சு. கோடுகள் என்றால் நுனியைக் கவனியுங்கள்: அமிலம் அரித்த கோடு மொட்டையாக முடியும், உளிக்கோடு நடுவில் பருத்து ஊசியாக மெலியும். ஒரே தகட்டில் இரண்டும் கலந்திருப்பது வழக்கம்.

இனி வாளைப் பாருங்கள். தகட்டில் வரைந்தது தாளில் இடம் வலமாக மாறி விழும். ஓவியத்தைப் பார்த்துத் தகட்டில் நகலெடுத்தவர் அதைத் திருப்பி வரையாவிட்டால் படை முழுவதும் இடக்கையால் வாள் பிடிக்கும். ஒருவரை வைத்து முடிவெடுக்காமல் வரிசை முழுவதையும் பாருங்கள்.

பிரான்ஸ் மன்னன் பதினான்காம் லூயியின் போர்ப்படங்களில் அரசன் மேட்டில் குதிரைமேல் இருப்பான், கீழே முற்றுகை விரியும். அது ஓவியர்களின் வாய்பாடு. அவன் நின்ற இடத்துக்குச் சாட்சியல்ல. 1672இல் ரைன் ஆற்றைக் குதிரைப்படை கடந்தபோது லூயி கரையிலேயே நின்றான். அதே ஆண்டில்தான் அவனுடைய கப்பல்கள் டி லா ஹேயின் தலைமையில் திருகோணமலையை ஒட்டிய நம் கொட்டியாரக் குடாவுக்கு வந்தன. அப்போது கண்டியை ஆண்ட இரண்டாம் இராஜசிங்கனின் படத்துக்கும் இதே கவனம் வேண்டும். 1660இல் கொட்டியாரத்தில் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸின் நூல் 1681இல் லண்டனில் அச்சானது. நாலு மூலைத் தொப்பி, முன்னால் நிமிர்ந்த இறகு என்று அரசனைப் பற்றி அவர் எழுதியதைப் படத்தோடு ஒப்பிடுங்கள்.

படத்துக்குச் சட்டம் போடுவதைக் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றடிக்கும் வறண்ட காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாடை மழையில் ஈரம் குடித்த தாளைக் கண்ணாடிக்குள் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணாடி தாளில் முட்டாதபடி அமிலமற்ற அட்டையை இடையில் வையுங்கள். மேல் விளிம்பில் மட்டும், மெல்லிய ஜப்பானியத் தாள் துண்டு இரண்டைக் கோதுமை மாப்பசையால் ஒட்டினால் போதும். நாலு பக்கமும் ஒட்டினால், ஈரத்தில் விரியும் தாளுக்கு இடமில்லாமல் அலையலையாக மேலெழும். செலோடேப் கூடவே கூடாது. அதன் மஞ்சள் கறை தாளுக்குள் இறங்கிவிடும்.

கடலைப் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். சட்டத்தின் பின்புறக் கீழ்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டி 5 மி.மீ. இடைவெளி விடுங்கள், காற்றோட்டம் இல்லாத இடத்தில்தான் இராமபாணப் பூச்சி குடியேறும். பழுப்புப் புள்ளிகளுக்கு வெளுப்பான் பூசினால் புள்ளி மறையும், தாளின் நாரும் சேர்ந்து நைந்துபோகும். புள்ளியோடேயே விட்டுவிடுங்கள்.