மோட்டாரையே ஜெனரேட்டராக்கி, லோடு ஏற்றிப் பார்ப்போம்

சாதாரண மூன்று ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டாரின் முனைகளில் கெப்பாசிட்டர் கட்டி, அச்சை வெளியிலிருந்து சுழற்றினால் அது ஜெனரேட்டராகிவிடும். பாஸெட், பாட்டர் என்ற இருவர் 1935-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஓட வைப்பது எளிது. லோடு மாறும்போது அது செய்யும் சேட்டையைத்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் கெப்பாசிட்டர் கணக்கு. 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 4 துருவ மோட்டார் ஒன்றை லோடு இல்லாமல் சப்ளையில் ஓட்டி, லைன் கரன்ட்டை அளந்து பாருங்கள். மோட்டாரைக் காந்தமாக்கத் தேவையான கரன்ட் ஏறக்குறைய இதுதான், இனி இதைக் கெப்பாசிட்டர்தான் தர வேண்டும். 2.4 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். டெல்டா இணைப்பில் (மூன்றையும் முக்கோணமாகக் கட்டுவது) ஒரு கெப்பாசிட்டரின் பங்கு 2.4 ÷ 1.732, அதாவது சுமார் 1.39 ஆம்பியர். இதை 314 × 415 ஆல் (314 என்பது 2π × 50 ஹெர்ட்ஸ்) வகுத்தால் ஏறக்குறைய 10.7 மைக்ரோஃபாரட் வரும். ஸ்டாரில் (மூன்றின் ஒரு முனையையும் ஒரே புள்ளியில் சேர்த்து) கட்டினால் இதைப்போல மூன்று மடங்கு வேண்டும். அதனால் டெல்டாதான் லாபம். ஏசி-க்கென்றே செய்த கெப்பாசிட்டராக, 415-ஐவிடத் தாராளமாக அதிக வோல்ட் தாங்குவதாகப் பாருங்கள். நிறுத்திய பிறகும் அதில் மின்னேற்றம் நிற்கும், ஒவ்வொன்றின் குறுக்கேயும் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் கட்டாயம்.

அடுத்து, சப்ளையை முழுவதும் கழற்றிவிட்டு, வேகத்தை மாற்றக்கூடிய இன்னொரு மோட்டாரால் அச்சைச் சுழற்றுங்கள். நிமிடத்துக்கு 1500 சுற்றை நெருங்கும்வரை வோல்ட்மீட்டர் முள் அடியிலேயே கிடக்கும். மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டாரில் எஞ்சியிருக்கும் காந்தம் தருவது சில வோல்ட்தான். அது கெப்பாசிட்டருக்குள் கொஞ்சம் கரன்ட்டை ஓட்டும், அந்தக் கரன்ட் காந்தத்தைக் கூட்டும், காந்தம் வோல்ட்டைக் கூட்டும். ஒரு கட்டத்தில் முள் விறுவிறுவென்று ஏறி, பிறகு தானாக நிற்கும். நிறுத்துவது இரும்புதான். அது காந்தத்தால் நிறைந்துபோனதும், இன்னும் ஒரு வோல்ட் ஏற அதிகக் கரன்ட் கேட்கிறது. கெப்பாசிட்டரால் அவ்வளவு கொடுக்க முடியாது. இரும்பு நிறையாமலே இருந்தால் முள் நிற்க இடமே இருக்காது.

சரி, இப்போது லோடு. ஒரே அளவு பல்புகளை மூன்று ஃபேஸிலும் சமமாக, ஸ்டாரில் கட்டி ஒவ்வொரு தொகுதியாகச் சேருங்கள். வோல்ட் இறங்கும். அச்சின் வேகம் மாறாவிட்டாலும் அதிர்வெண்ணும் சற்று இறங்கும், ஏனென்றால் மின்சாரம் தர ரோட்டார் காந்தப்புலத்தை முந்திக்கொண்டு ஓடியாக வேண்டும். 50 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் வேகத்தை 1500-க்கு மேல் கூட்டுங்கள்.

இன்னும் ஒரு தொகுதி, இன்னும் ஒன்று... அப்புறம் பல்புகள் மங்கி, மெல்ல அணைந்தே போகும். ஃப்யூஸ் எதுவும் போகவில்லை! வோல்ட் குறைந்ததால் கெப்பாசிட்டர் கரன்ட் குறைந்து, காந்தம் கலைந்துவிட்டது. ஷார்ட் சர்க்யூட்டிலும் இதே கதைதான்: கரன்ட் ஒரு கணம் பாய்ந்து, தானே அடங்கிவிடும். இந்த ஜெனரேட்டரில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இது. ஆனால் ஒரு மோட்டாரை இதில் ஸ்டார்ட் செய்ய முயன்றாலும் இப்படியே படுத்துவிடலாம்.

எதிர்த்திசை ஆட்டம்தான் ஆபத்து. முழு லோடையும் சட்டென்று எடுத்தால் வேகமும் வோல்ட்டும் எகிறும், கெப்பாசிட்டர் வெடிக்கலாம். சிறு சிறு தொகுதியாகவே எடுங்கள்.

ஒருமுறை அணைந்தபின் வோல்ட் எழவே மாட்டேன் என்கிறதா? எஞ்சிய காந்தம் போயிருக்கும். எல்லாவற்றையும் நிறுத்தி, கெப்பாசிட்டர்களைக் கழற்றி, 12 வோல்ட் பேட்டரியை ஒரு சுருளில் சில நொடிகள் கொடுத்து எடுங்கள். மறுபடி கட்டிச் சுழற்றினால் முள் எழும்.