அணியத்து மோட்டாருக்குக் காய்கறிப் பலகை

சிறு ஃபைபர் படகின் அணியத்தில் (முன்முனையில்) டிரோலிங் மோட்டாரை, அதாவது படகை மெதுவாகச் செலுத்தும் சிறு மின்மோட்டாரைப் பொருத்தும்போது, காய்கறி நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை ஒன்றை மோட்டாரின் தாங்குதட்டைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, மோட்டார் உட்காரும் தளத்தின் அடிப்பக்கத்தில் வைத்து, அகலமான எவர்சில்வர் வாஷர்களோடு சேர்த்து போல்ட்டுகளை முடுக்குங்கள். பலகை 12 மில்லிமீட்டர் தடிமனாவது இருக்கட்டும்.

55 பவுண்டு உந்துவிசை கொண்ட மோட்டார் தள்ளுவது ஏறத்தாழ 25 கிலோ விசையோடுதான் என்றாலும், அதன் நீண்ட தண்டு நெம்புகோலாக வேலை செய்வதால், ஒவ்வொரு திருப்பத்திலும் பன்மடங்கு இழுவிசை துளைகளின் விளிம்பில் விழுகிறது. அங்கேதான் கண்ணாடியிழை மயிரிழை போல விரிசல் விடத் தொடங்கும். பலகை அந்த விசையைப் பரப்பிவிடுகிறது. பாலிஎத்திலீன் என்பதால் உப்புநீரில் ஒட்டுப்பலகை போல ஊறி உளுத்துப்போவதும் இல்லை, இரும்புத் தகடு போலத் துருப்பிடிப்பதும் இல்லை. ஆனால் அதன்மீது எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. ஆகவே நீர் கசியாமல் அடைக்கும் சீலன்ட்டைத் தளத்தின் மேற்பக்கத்தில், துளையின் வாயைச் சுற்றித் தடவுவதே முறை.

அணியத்தின் அடிப்பக்கத்துக்குக் கை எட்டாதபடி முழுவதும் மூடிய படகுகளுக்கு இது பொருந்தாது. அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு, கடலூர் உப்பனாறு போன்ற அமைதியான நீரில் இந்தப் பொருத்தம் உறுதியாக நிற்கும். முகத்துவாரத்தைத் தாண்டினால், அலையில் அணியம் எழும்போதெல்லாம் மோட்டாரின் விசிறி நீரைவிட்டு வெளியே வந்துவிடும் என்பதால், எவ்வளவு வலுவாகப் பொருத்தினாலும் பயனில்லை.