வாக்குரிமை வருமுன்: அமெரிக்க ஆட்சிமுறையில் புதிதாக வருபவர் அறிய வேண்டியவை

அமெரிக்காவில் வந்திறங்கும் நம்மவர் பலர், இந்நாட்டு அரசு என்றால் வாஷிங்டன் என்றே எண்ணுகின்றனர். ஆனால் முதல் ஆண்டில் உங்களுக்கு நேரும் அரசுக் காரியங்களை எண்ணிப் பாருங்கள்: ஓட்டுநர் உரிமம், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, குப்பை அள்ளும் நாள், சாலையில் காரை நிறுத்தச் சொல்லும் காவலர். இவற்றுள் ஒன்றுகூட அதிபரின் கையில் இல்லை. கூட்டாட்சி அரசுக்கு வழங்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று அரசமைப்புச் சட்டத்தின் 10-ஆவது திருத்தம் கூறுகிறது. இந்தியாவில் எஞ்சிய அதிகாரங்கள் ஒன்றிய அரசிடம் இருக்க, இங்கே நிலைமை நேர்மாறாக உள்ளது. டெக்சாஸில் கேட்ட விதி நியூ ஜெர்சியில் செல்லாமல் போவதும் இதனால்தான்.

இங்குள்ள ஆளுநர் நியமிக்கப்படுபவர் அல்லர். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, நம் முதலமைச்சரைப் போல மாநில நிர்வாகத்தை நடத்துபவர். மாவட்ட ஆட்சியர் என்னும் பதவி இல்லை. பெரும்பாலான மாநிலங்களில், நம் மாவட்டம் போன்ற பிரிவான கவுண்டியின் நிர்வாகத்தைத் தேர்தலில் வென்ற குழுவினர் கவனிக்கின்றனர். கவுண்டிக் காவல் தலைவரான ஷெரிஃபும் அரசு வழக்கறிஞரும் பெரும்பாலும் வாக்குக் கேட்டே பதவிக்கு வருகின்றனர். பள்ளிகளைப் பள்ளி மாவட்டம் என்னும் தனி நிர்வாகப் பகுதியின் வாரியம் நடத்துகிறது. அதற்கான பணத்தில் கணிசமான பங்கு அவ்வூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது.

வாஷிங்டனைப் பொறுத்தவரை, நாடாளுமன்ற முறையில் வளர்ந்த நமக்கு ஒரு வேறுபாடு முதலில் புரிய வேண்டும். பிரதமரைப் போல் அதிபர் அவையின் பெரும்பான்மையால் பதவியில் இருப்பவர் அல்லர். அவருடைய அமைச்சர்கள் அவை உறுப்பினர்களாக இருக்கவும் கூடாது. 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் அவையும் 100 பேர் கொண்ட செனட்டும் எதிர்க்கட்சியின் கையில் இருக்கலாம். அப்போதும் ஆட்சி கவிழாது, ஆனால் நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் உரிய நாளில் நிறைவேறாவிட்டால் கூட்டாட்சி அலுவலகங்கள் பல மூடப்படும். குடிவரவுத் துறை பெரும்பாலும் விண்ணப்பக் கட்டணத்தில் இயங்குவதால் அது தொடர்ந்து செயல்படும். எச்1பி என்னும் வேலை விசா மனுவுக்கு முன்னதாக வேண்டிய சான்றை வழங்கும் தொழிலாளர் துறைப் பிரிவோ 2013-லும் 2025-லும் பணியை நிறுத்தியது. வேலை மாற எண்ணுவோர் இத்தகைய நாட்களைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

அடுத்துக் கூறுவது இவ்வழிகாட்டியின் மிக முக்கியமான பகுதி. 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்திலேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். அங்குள்ள ஊழியர் உங்கள் நிலையை அறியாமல், எல்லோரிடமும் கேட்பது போல, "வாக்காளராகப் பதிவு செய்கிறீர்களா?" என்று கேட்கக்கூடும். விசாவில் இருப்பவரும் கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை) பெற்றவரும் "இல்லை" என்றே சொல்ல வேண்டும். குடிமகன் என்ற கட்டத்தில் குறியிடவோ அப்பகுதியில் கையொப்பமிடவோ கூடாது. குடிமகன் என்று பொய்யாக அறிவிப்பதும், உரிமையின்றி வாக்களிப்பதும் நாடுகடத்தலில் முடியலாம். தெரியாமல் செய்தேன் என்ற விளக்கம் பல வேளைகளில் ஏற்கப்படுவதில்லை. ஜூரியாக வருமாறு அழைப்பு வந்தால் அதைக் கிழித்தெறியாதீர்கள்; குடிமகன் அல்லர் என்ற கட்டத்தில் குறியிட்டுத் திருப்பி அனுப்புங்கள். தேர்தல் நன்கொடையைக் கிரீன் கார்டு பெற்றவர் தரலாம். எச்1பி விசாவிலோ எஃப்1 மாணவர் விசாவிலோ இருப்பவர் தரக் கூடாது.

வாக்கு இல்லை என்பதால் உரிமையே இல்லை என்று ஒடுங்கிப் போக வேண்டியதில்லை. 1868-ஆம் ஆண்டின் 14-ஆவது திருத்தம், சட்டத்தின் சமமான பாதுகாப்பை எந்த நபருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் சலவைக்கடை நடத்த மற்றவர்களுக்கு அனுமதி தந்து சீனர்களுக்கு மட்டும் மறுத்த வழக்கில், குடிமக்கள் அல்லாதோருக்கும் அப்பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1886-இல் தீர்ப்பளித்தது. எனினும் எழுத்தில் இருந்த சமத்துவம் வாழ்வில் வரப் பல தலைமுறைகள் ஆயின. 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர்கள் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று அதே நீதிமன்றம் கூறியது. அந்தத் தடை 1946-இல்தான் நீங்கியது. கறுப்பின மக்கள் போராடி வாக்குரிமைச் சட்டத்தைப் பெற்ற 1965-இலேயே, நம்மைப் போன்றோருக்குக் கதவைத் திறந்த குடிவரவுச் சட்டமும் நிறைவேறியது. அம்மக்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

காவலர் உங்கள் காரின் பின்னால் விளக்கைச் சுழலவிட்டு வந்தால், வலப்புறம் ஒதுங்கி நிறுத்துங்கள். ஊரில் செய்வது போல இறங்கி அவரை நோக்கி நடக்காதீர்கள். இங்கே அது அச்சுறுத்தலாகக் கொள்ளப்படும். இரு கைகளையும் ஸ்டியரிங் மீது தெரியும்படி வைத்துக்கொண்டு, உரிமத்தை எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பையைத் தொடுங்கள். காரைச் சோதிக்கச் சம்மதம் கேட்டால், மரியாதையாக மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அபராதத்துக்குப் பதிலாகப் பணம் நீட்டுவது குற்றம். பேச்சுரிமை எல்லோருக்கும் பொது என்றாலும், 2025-இல் போராட்டங்களில் பங்கேற்ற சில மாணவர்களின் விசா ரத்தாகி வழக்குகளாயின. எனவே விசாவில் இருப்போர் வழக்கறிஞரைக் கேட்டுச் செயல்படுவது நல்லது.

வாக்கில்லாதவர் குரல் கொடுக்க ஏற்ற இடம் பள்ளி வாரியக் கூட்டம். வழக்கமாக, வாசலில் உள்ள அட்டையில் பெயரையும் பேசும் பொருளையும் எழுதிக் கொடுத்தால், முறை வரும்போது அழைப்பார்கள். பெரும்பாலும் 2 அல்லது 3 நிமிடம் பேசலாம். தமிழ்ப் பள்ளிப் படிப்புக்கு உயர்நிலைப் பள்ளியில் மொழிப்பாட கிரெடிட் கிடைக்கும் மாவட்டங்கள் உள்ளன. உங்கள் மாவட்டத்தில் இல்லையெனில் அங்கே எழுந்து கேளுங்கள்.

குடிவரவு விண்ணப்பம் வழக்கமான காலத்தைத் தாண்டியும் நகராவிட்டால், உங்கள் பகுதிப் பிரதிநிதிகள் அவை உறுப்பினரின் உள்ளூர் அலுவலகத்தை அணுகலாம். குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, அத்தொகுதியில் வசித்தால் போதும். உங்கள் கோப்பைப் பற்றிக் கேட்க அனுமதிக்கும் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டு, விண்ணப்ப ரசீது எண்ணையும் தாருங்கள். முடிவை மாற்ற அவர்களால் இயலாது. கோப்பு எங்கே, ஏன் நிற்கிறது என்று துறையிடம் கேட்டுச் சொல்வார்கள், அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.