வலைக்குண்டு போன வழி: துணையலகுச் சமன்பாட்டைக் கார்ட்டீசியனாக மாற்றலாம்

பாம்பன் கரையில் வீச்சுவலை வீசுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். வலை ஓரத்தில் கோத்த ஈயக்குண்டு ஒன்றை மட்டும் கவனியுங்கள். முன்னே போகிறது, கூடவே மேலே எழும்பி இறங்கவும் செய்கிறது. இந்த இரண்டையும் நடத்துவது நேரம். அதுதான் துணையலகு. அதை நீக்கிவிட்டுத் தூரத்தையும் உயரத்தையும் நேரடியாக இணைத்து எழுதினால், அதுதான் கார்ட்டீசியன் சமன்பாடு.

புத்தகத்தில் எக்ஸ், ஒய், டி என்று இருக்கும். நான் கிடைத்தூரத்துக்கு க, நீர்மட்டத்திலிருந்து உயரத்துக்கு உ, நேரத்துக்கு ந என்று வைக்கிறேன். அளவு மீட்டரிலும் நொடியிலும். காற்றுத் தடையை விட்டுவிட்டேன். புவியீர்ப்பு முடுக்கம் 10.

க = 4ந
உ = 1 + 4ந − 5ந²

முதலில், இரண்டில் எது எளிது? மேலே உள்ளது. அதிலிருந்து ந = க/4.

அடுத்து, இதைக் கீழே உள்ளதில் போடுங்கள். 4ந என்பது க-வேதான். 5ந² என்பது 5க²/16.

உ = 1 + க − 5க²/16

பரவளையம் வந்துவிட்டது. பேனாவை மூடிவிடாதீர்கள், எல்லை பாக்கி. பிளஸ் டூவில் நான் மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டது இங்கேதான். ந = 1 ஆகும்போது உ = 0, அதாவது குண்டு தண்ணீரைத் தொடுகிறது; அப்போது க = 4. ஆகவே 0 ≤ க ≤ 4 என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். எழுதாமல் க = 5 போட்டுப் பாருங்கள்: உயரம் −1.8 வரும். காற்றில் போட்ட கணக்கு கடலுக்கடியிலும் குண்டைப் பறக்கவிடும்!

சைன், காஸ் வந்தால் துணையலகைத் தனியே பிரிக்க மல்லுக்கட்ட வேண்டாம். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். அங்கே அலை போகும்போது நீர்த்துகள் ஏறத்தாழ நீள்வட்டத்தில் சுற்றும். மிதக்கும் தெர்மாகோல் துண்டும் அப்படித்தான் ஆடும். சராசரி நீர்மட்டத்திலிருந்து அடிக்கணக்கில் அளந்து, கோணத்தைக் கோ என்போம்:

க = 3 காஸ் கோ, உ = சைன் கோ

க/3, உ இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். சைன் வர்க்கமும் காஸ் வர்க்கமும் சேர்ந்தால் 1 என்பதால்,

க²/9 + உ² = 1

ஒன்று கவனித்தீர்களா? துண்டு எந்தப் பக்கமாகச் சுற்றியது என்பது இந்த வரியில் இல்லை. அது வேண்டுமென்றால் படத்தில் அம்புக்குறி போடுங்கள்.

எல்லாமே இவ்வளவு சுலபமில்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குச் சிறகுகள், வளைந்த அடிப்பாகத்தில் உருண்டு பின்வாங்கியபடியே எழுந்தன. உருளும் வட்டத்தின் விளிம்புப் புள்ளி வரைவது சைக்ளாய்டு. அதில் கோணத்தைக் கழற்றினால் நேர்மாறு காஸும் வர்க்கமூலமும் சிக்கிக்கொள்ளும். நான் துணையலகு வடிவத்திலேயே விட்டுவிடுவேன். 2025-இல் திறந்த புதிய பாலத்தின் தூக்கு செங்குத்தாக ஏறுகிறது. அதன் ஒரு புள்ளிக்கு க மாறுவதே இல்லை, உயரம் மட்டும்தான் மாறும். க = மாறிலி. கழற்றுகிற வேலையே கிடையாது.