பார்த்தவர் அழுதால் போதுமா? காட்டுயிர் ஆவணப்படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாரிடம் பேசப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதுதான் பெரிய தவறு. ‘பொதுமக்களுக்கு விழிப்புணர்வு’ என்று எழுதி வைத்துக்கொண்டு எடுக்கும் படம், ஏற்கெனவே விலங்குகளை நேசிப்பவர்களுக்குள்ளேயே சுற்றி வரும்.

குஜராத் கடற்கரையில் நடந்த திமிங்கலச் சுறா வேட்டையைப் பற்றி மைக் பாண்டே எடுத்த ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ 2000-இல் வந்தது. உலகின் மிகப் பெரிய மீன் கரையில் அறுபடுவதை அது காட்டியது. அதைத் தடுக்க அப்போது சட்டம் இல்லை. சட்டம் கொண்டுவர வேண்டியவர்கள் தில்லியில் இருந்தார்கள். 2001-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின், மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் திமிங்கலச் சுறா சேர்க்கப்பட்டது.

சட்டம் வந்த பிறகும் வலையில் சுறா சிக்கத்தான் செய்தது. அதை விடுவிக்க வலையை அறுக்க வேண்டும், நஷ்டம் மீனவருக்கு. அதிகாரிகளை அசைத்த ரத்தக் காட்சிகளை மீனவரிடம் போட்டுக் காட்டினால், தன்னைக் குற்றவாளி ஆக்குகிறார்கள் என்றுதான் நினைப்பார். 2004-இல் தொடங்கிய பிரசாரம் அதனால் வேறு வழியில் போனது. ராமகதை சொல்லும் மொராரி பாபு, பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளாக அந்தச் சுறாவைப் பார்க்கச் சொன்னார். அறுத்த வலைக்கு வனத்துறை இழப்பீடு தந்தது. மீனவர்கள் தங்கள் கையாலேயே வலையை அறுத்து நூற்றுக்கணக்கான சுறாக்களைக் கடலில் விட்டார்கள். படப்பிடிப்புக்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: யார் முடிவெடுக்க வேண்டும், என்ன முடிவு, அதனால் அவருக்கு என்ன நஷ்டம். கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலான படங்கள் விட்டுவிடுகின்றன.

அடுத்தது, ஒரு காட்சியின் தலையில் அது தாங்காத காரணத்தை ஏற்றுவது. 2017-இல் எலும்பும் தோலுமான பனிக்கரடியின் வீடியோவை நேஷனல் ஜியோகிராஃபிக் வெளியிட்டு, பருவநிலை மாற்றம் இப்படித்தான் இருக்கும் என்று எழுதியது. அந்தக் கரடி ஏன் மெலிந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நோயாக இருக்கலாம், வயதாக இருக்கலாம். எல்லை மீறிவிட்டோம் என்று 2018-இல் அந்த இதழே ஒப்புக்கொண்டது. கடல்பனி உருகுவது உண்மை. ஆனால் பலவீனமான ஓர் ஆதாரம் போதும், மறுப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு முழு உண்மையையும் தள்ளிவிடுவார்கள். பின்னணிக் குரல் எழுதும்போது காட்சி, வரி, ஆதாரம் என்று மூன்று நெடுவரிசை போடுங்கள். ஆதார வரிசை காலியாக இருந்தால், வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள்.

நடக்காததை நடத்திக் காட்டுவதற்கு மன்னிப்பே கிடையாது. 1958-இல் வந்த டிஸ்னியின் ‘வைட் வில்டர்னஸ்’ படத்துக்காக லெம்மிங் எலிகளை வேறு மாகாணத்திலிருந்து கொண்டுவந்து பாறை விளிம்பிலிருந்து தள்ளினார்கள். கூட்டம் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்ளும் விலங்கு என்ற கதை இன்றும் உலவுகிறது. அடைப்பில் வளரும் விலங்கைப் படம் பிடிப்பது தவறில்லை. குட்டி ஈனும் காட்சியைக் காட்டில் எடுப்பது பல நேரம் தாய்க்கே ஆபத்து. ஆனால் அடைப்பில் எடுத்தது என்பதைத் திரையிலேயே சொல்லிவிட வேண்டும். தூரத்து லென்ஸில் எடுத்த காட்சிக்குக் காலடி ஓசையைப் பிறகு சேர்ப்பது எங்கும் உள்ள வழக்கம். விலங்கு போடாத அலறலைச் சேர்ப்பது பொய்.

செல்லம் கொஞ்சவைக்கும் காட்சிகளிலும் கவனம் தேவை. மனிதக் கையில் கிச்சுகிச்சு வாங்கும் ‘ஸ்லோ லோரிஸ்’ என்ற தேவாங்கு வகையின் வீடியோ இணையத்தில் பரவியபோது, எங்கே வாங்கலாம் என்று கேட்டவர்கள் ஏராளம். கையைத் தூக்குவது அதற்குத் தற்காப்பு. முழங்கை அருகே இருக்கும் விஷச் சுரப்பியை நக்குவதற்காகத் தூக்குகிறது. காட்டுயிரைக் கையில் வைத்திருக்கும் ஷாட்டை மருத்துவக் காரணம் இருந்தால் ஒழிய வைக்காதீர்கள். அரிய விலங்கின் கிளிப்பை வெளியிடும் முன் ஜிபிஎஸ் தகவலை அழியுங்கள். அடையாளம் தெரியும் மலைமுகடு, மைல்கல், பெயர்ப்பலகை ஃபிரேமில் இருந்தால் அவற்றையும் நீக்குங்கள். வேட்டைக்காரரும் பார்வையாளர்தான்.

எடிட்டிங்கை முடிக்கும் முன், நீங்கள் குறிவைத்த ஆட்களில் பத்துப் பேருக்காவது போட்டுக் காட்டுங்கள். ‘படம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். ‘நாளைக்கு என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். ‘பாவம்’ என்பது மட்டுமே பதிலாக வந்தால் கடைசி ஐந்து நிமிடத்தை மறுபடி வெட்டி ஒட்ட வேண்டும்: இன்ன அலுவலகம், இன்ன கோரிக்கை, இன்ன தேதிக்குள் என்று.